தாடைக்குக் கீழே போகாதே

டெரியோவுக்குப் புருவம் இல்லை. மூக்குத் தண்டு எப்போதோ உள்வாங்கிவிட்டது. காதுமடல் இரண்டும் தடித்துத் தொங்கின. இத்தனையையும் எடுத்துக்கொண்ட நோய், தாடியை மட்டும் என்னவோ மனசு வந்து விட்டுவைத்திருந்தது. அதையும் ஒழுங்காக விட்டுவைக்கவில்லை. கன்னத்தில் ஒரு திட்டு, மோவாயில் ஒரு கொத்து, நடுவில் வழவழவென்று வெற்றிடம். டெரியோ அதைப் பற்றிக் கவலைப்பட்டதே கிடையாது. எங்கள் தீவில் முகத்துக்காகக் கவலைப்படுவதெல்லாம் படகிலிருந்து இறங்கிய புதிதில்தான். அப்புறம் கண்ணாடி பார்க்கிற வழக்கம் தானாக விட்டுப்போகும்.

அமெரிக்கர்கள் நாட்டை ஆண்ட காலம் அது. தொழுநோய் கண்டவர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்துப் படகில் ஏற்றி இந்தத் தீவில் கொண்டுவந்து போட்டார்கள். டெரியோவைக் காப்பிஸ் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து, வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கூட்டிவந்தார்கள். வலையை மடித்து வைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை என்று அவன் வெகுநாள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். இங்கேயே லூசிங் என்ற பெண்ணைக் கட்டினான். குழந்தை பிறந்தது. பால் குடிக்கும் முன்பே அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிச் சுவர் வைத்த வீட்டில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாயும் தகப்பனும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். பேசத் தொடங்கும் முன் குழந்தையை இலோய்லோ நகரத்துக் கன்னிமார் மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். லூசிங் அதன்பிறகு அதிக காலம் இருக்கவில்லை. அவளுக்கு வந்தது காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தக் குழந்தைதான் புரிங். அவள் பார்க்க வருகிறாள் என்று ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிற கன்னியாஸ்திரீ சிஸ்டர் கலிஸ்தா வந்து சொன்னபோது டெரியோ கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தான். மழைக்காலம் முடிந்து கடல் அடங்கியதும் வருகிற படகில் வருவாளாம். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். அதற்கு முன்னால் தகப்பனை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். டெரியோ தவிட்டுக் கையோடு அப்படியே நின்றான். சிஸ்டர் போன பிறகு, லூசிங்கின் பெட்டியைத் திறந்து உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்துப் பார்த்தான். பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிட்டான்.

மூக்கை நிமிர்த்த முடியாது. புருவத்தை நட முடியாது. தாடியை எடுக்கலாம். அவன் கையில் இருந்தது அந்த ஒன்றுதான். பெற்றவனைப் பார்த்து அந்தப் பெண் பயந்து ஒரு அடி பின்னால் வைத்தாலும் அவனால் தாங்க முடியாது.

தீவிலேயே சிமியோன் என்று ஒரு முடிவெட்டுகிறவன் இருந்தான். தலைக்கு மெஷின் போடுவான், முகத்தில் கை வைக்க மாட்டான். முன்பு யாரோ ஒருவர் கன்னத்துக் கட்டியை அவன் கத்தி சீவிவிட்டு, அது புரையோடி, அந்த ஆள் போயே போய்விட்டார். அதிலிருந்து சிமியோன் நல்ல வார்த்தைக்கும் மசியவில்லை, கோழி கொடுக்கிறேன் என்றதற்கும் மசியவில்லை. கடைசியில் டெரியோ பக்கத்துக் குடிசைக்காரன் கார்ப்பியோவிடம் போய் நின்றான்.

கார்ப்பியோ ஒரு காலத்தில் கப்பலில் சவரத் தொழிலாளி. மணிலாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற கப்பலில் மாலுமிகளின் முகத்தை ஆடுகிற தளத்தில் நின்று மழித்தவன். இப்போது இரண்டு கண்ணும் அவிந்துவிட்டன. கையிலும் நடுக்கம். ஆனால் விரல்களில் உணர்ச்சி இருந்தது, அது எங்கள் தீவில் பெரிய சொத்து. யார் வீட்டில் வெந்நீர் வைத்தாலும் கார்ப்பியோவைக் கூப்பிட்டு விரலை விடச் சொல்வார்கள். மற்றவர்கள் தாங்களே தொட்டுப் பார்த்தால், தோல் கழன்ற பிறகுதான் சூடு என்று தெரியும். டெரியோவின் குழந்தைக்கு ஞானத் தகப்பனாக நின்றவனும் கார்ப்பியோதான், அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'பாரே' என்றுதான் அழைப்பார்கள்.

"நீயே செரச்சு விட்டுடு பாரே," என்றான் டெரியோ.

"குருடன், அதுலயும் கை நடுங்குறவன். அவன்கிட்ட போய் மூஞ்சியக் குடுக்கறேங்கற. பொண்ணு வர்றப்ப மூஞ்சி இருக்கணுமா, வேணாமா?"

"அப்ப எனக்குச் சொல்லிக் குடு."

கார்ப்பியோ டெரியோவின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தான். உள்ளங்கையில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் கொக்கியாக மடங்கி இறுகியிருந்தன. கார்ப்பியோ அந்தக் கொக்கியைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கத்தியின் வாலைப் பிடிக்கச் சுண்டுவிரலை இப்படி மடக்கு என்று கப்பலில் எத்தனையோ பயல்களிடம் தலைபாடாக அடித்துக்கொண்டானாம். இவனுக்கு நோயே மடக்கிக் கொடுத்திருக்கிறது.

"கை இருக்கு. கை சொல்றது உனக்குக் கேக்காது, அதான் வில்லங்கம். வெட்டினாத் தெரியாது உனக்கு. அதனால நான் சொல்றபடி மட்டும் செய்வியா?"

செய்கிறேன் என்றான் டெரியோ.

கத்தி கார்ப்பியோவின் பெட்டியில் எண்ணெய்த் துணியில் சுருண்டு கிடந்தது. மடக்குக் கத்தி, கொம்புக் கைப்பிடி. டெரியோ ஆசையோடு கை நீட்டினான். கார்ப்பியோ அதைத் திரும்பச் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவிக் கொடுத்தான். மாதக்கணக்கில் அதுதான் கத்தி. காலையில் நுரை போட்டுக்கொண்டு, டெரியோ மூங்கிலால் வலது கன்னத்தில் நுரையை வழிப்பான். கார்ப்பியோ முகத்தோடு முகமாகக் குந்தி உட்கார்ந்து காதை வைத்துக் கேட்பான். சாய்மானம் சரியாக இருந்தால் ஒரு சத்தம், தூக்கிப் பிடித்தால் வேறு சத்தம். மணலில் நண்டு ஓடுகிற சத்தம் வர வேண்டும், பரண்டுகிற சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும். இரண்டு கிழவர்கள் விடிந்ததும் விடியாததுமாக இப்படிக் கன்னத்தோடு காது வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் சும்மா போகவில்லை.

"இருக்கறதே நாலு மயிரு. அதுக்கு ஒரு கப்பல்காரரு, ஒரு பாடசாலை," என்றாள் ஒருத்தி.

"நாலையும் எடுத்துட்டா அடுத்து உன் நாக்குதான், வந்து உக்காரு," என்று கார்ப்பியோ திரும்பாமலே சொன்னான்.

மழை பிடித்த பிறகுதான் நிஜக் கத்தி கைக்கு வந்தது. அதற்கும் ஆயிரம் நிபந்தனை. தோல்வாரில் தீட்டும்போது அவசரப்படக் கூடாது. வலது கன்னம் மட்டும். கிருதாவிலிருந்து கன்னத்தின் பாதிவரை, மயிர் படுகிற போக்கிலேயே ஒரே இழுப்பு. போன இடத்தில் மறுபடி போகக் கூடாது, சொரசொரப்பு மிச்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கட்டி வந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளைத் துணி. ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியைத் துணியில் துடைத்து, துணியைப் பார்க்க வேண்டும். சிவப்பு இருந்தால் அன்றைக்கு அதோடு சரி. வலிக்கு பதிலாக அவனுக்கு அந்தத் துணிதான்.

"மொழுமொழுன்னு வரலியே பாரே," என்று டெரியோ குறைப்பட்டுக்கொண்டான்.

"வராது. மிச்சம் வைக்கக் கத்துக்க மொதல்ல. மயிரு நாளைக்கும் வரும். உனக்குத் தோலு போனா வராது."

வலது கன்னம் பழகியதும் இடது கன்னம். அதற்குக் கையை மாற்ற முடியாது, இடது கை சுத்தமாகப் போய்விட்டது. வலது கையையே முகத்தைக் கடந்து கொண்டுபோகப் பழக வேண்டியிருந்தது. ஒருமுறை துணியில் சிவப்பு வந்தது. அன்று கத்தியை மடக்கி வைத்துவிட்டு, பாதி நுரையோடு நாளெல்லாம் சுற்றினான். சொன்ன சொல்லை அப்படிக் காப்பாற்றினான் டெரியோ. அந்தக் காலை வேளை அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. வலை போடுவதை விட்ட பிறகு தன் கை சொன்னபடி கேட்டது இப்போதுதான் என்று கார்ப்பியோவிடம் சொன்னான். சொல்லும்போது குரல் உடைந்தது. நோய் தொண்டையிலும் இறங்கியிருந்ததால், சாதாரணமாகவே அவன் குரல் கரகரத்து, வரும்போது வரும், வராதபோது வராது.

தாடைக்கும் மோவாய்க்கும் மட்டும் கார்ப்பியோ இசையவில்லை. வளைவான இடம், தோல் இழுபடுகிற இடம், கண்ணாடியில் தெரியாத இடம். தாடைக்குக் கீழே போகாதே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான்.

"அவ அதுக்குள்ள வந்துருவாளே."

"வரட்டுமே. கன்னம் சுத்தமா இருக்கும். மோவாய்ல கொஞ்சம் தாடியோட ஒரு அப்பனப் பாக்கட்டும். ஊர்ல இல்லாத அதிசயமா?"

கடல் அடங்கியது. படகு வருகிற நாளன்று காலையில் கார்ப்பியோவை ஆஸ்பத்திரியில் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற அழைத்துப் போயிருந்தார்கள். டெரியோ தனியாக உட்கார்ந்து இரண்டு கன்னத்தையும் முடித்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியைப் பார்த்தான். துணி வெள்ளையாகவே இருந்தது. அவன் செய்ததிலேயே அன்றைக்குச் செய்ததுதான் சிறந்த சவரம்.

அதுதான் வினையாகப் போனது. முகம் முழுக்கத் திட்டுத் திட்டாக இருந்தபோது மோவாய்க் கொத்து கண்ணில் பட்டதே இல்லை. இப்போது கன்னம் பளிச்சென்று ஆனதும், அது சொறிநாயின் முதுகில் மிஞ்சிய மயிர் மாதிரி அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. கத்தரியால் வெட்டிப் பார்த்தான், இன்னும் மோசமாயிற்று. துறைமுகத்தில் படகு ஊதியது. இத்தனை நாள் பொறுத்தவன், அந்த ஊதல் சத்தத்தில் பொறுமையை விட்டான். எழுந்து நின்று, மோவாயில் நுரையைப் பூசி, கீழே தாடைக்கு அடியில் ஓர் இழுப்பு, மேலே ஓர் இழுப்பு. மயிர் போய்விட்டது. வெள்ளைத் துணி குந்தியிருந்த இடத்திலேயே கிடந்தது. குனிந்து எடுக்க அவனுக்கு நேரமில்லை. உள்ளங்கையில் கட்டு இருந்ததால், புறங்கையால் மோவாயின் அடியில் இருந்த நுரையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கிளம்பினான். வழியில் இருந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். டெரியோ மாப்பிள்ளை மாதிரி நடந்தான். கையைத் திரும்பத் திரும்ப மோவாயின் அடியில் தேய்த்துக்கொண்டே போனான், விரலுக்கோ தோலுக்கோ ஒன்றும் தெரியாவிட்டாலும்.

பார்வையாளர் கூடத்தில் நடுவில் ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வந்தவர்கள். தொடக் கூடாது என்பது சட்டம். சிஸ்டர் கலிஸ்தா மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார். டெரியோ மேசைக்கு அடியில் கைகளை மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முகத்துக்கு இத்தனை பாடுபட்டவன், கையை என்ன செய்வது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. மறைத்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தான்.

புரிங் வந்தாள். லூசிங்கின் நெற்றி, லூசிங்கின் நடை. எதிரில் உட்கார்ந்து அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பின்னால் நகரவில்லை. கண்ணைத் திருப்பவில்லை. டெரியோவுக்கு மார்பு வலிக்கிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. மாப்பிள்ளை தச்சு வேலை செய்கிறவர், நல்ல மாதிரி என்று அவள் சொன்னாள். மடத்தில் துணி தைக்கக் கற்றுக்கொண்டதைச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். அப்புறம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். அவங்க வீட்டுல நீங்க செத்துட்டதாச் சொல்லியிருக்கேன். வேற வழி தெரியல எனக்கு. இங்க வந்தது யாருக்கும் தெரியாது. இனிமே வர முடியுமான்னும் தெரியல."

டெரியோ அதற்கும் தலையை ஆட்டினான். அவனுக்கு அது வலித்ததா என்றால், வலித்தது. ஆனால் அவள் இடத்தில் இருந்தால் அவனும் இதையேதான் செய்திருப்பான். இங்கே இருக்கிற நாங்கள் எல்லாருமே எங்காவது ஒரு வீட்டில் செத்துப்போனவர்கள்தான்.

"ஆனா உங்க மானோ வாங்காம என்னால கல்யாணம் பண்ணிக்க முடியாது," என்றாள் புரிங். "அதுக்குத்தான் வந்தேன்."

பெரியவர்களின் புறங்கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிற அந்த வழக்கம் இல்லாமல் எங்கள் நாட்டில் ஒரு பிள்ளை வீட்டுப் படி தாண்டாது. கல்யாணப் பெண் அதைக் கேட்டு, பெற்றவன் கொடுக்க மறுத்தால், அவன் அவளைத் தலைமுழுகிவிட்டான் என்றுதான் அர்த்தம். சிஸ்டர் கலிஸ்தா எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார். சட்டத்தை மீற அவர் அனுமதி கொடுக்கிற விதம் அது, தீவுக்கே தெரியும். புரிங் மேசைக்கு மேல் குனிந்து தலையைத் தாழ்த்தினாள்.

டெரியோ மேசைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினான். அந்த நெற்றிக்கு அருகில் போகும்போதுதான் பார்த்தான். புறங்கை முழுவதும் ரத்தம். விரல் இடுக்கெல்லாம் ரத்தம். தாடைக்கு அடியில் வெட்டியிருக்கிறது, வழியெல்லாம் அவனே அதைத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறான். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டைக்குள் அது சொட்டிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியவில்லை.

அவனுடைய ரத்தம். நோய் பிடித்த ரத்தம். கல்யாணமாகப் போகிற பெண்ணின் நெற்றிக்கு அருகில். டெரியோ கையை வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

புரிங் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தபடியே இருந்தாள். கை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அப்பன் முகத்தைத் தோளோடு அழுத்தித் திருப்பிக்கொண்டிருந்தான். மோவாயை மறைக்கத்தான் அப்படித் திருப்பினான், அவளுக்கு அது எப்படித் தெரியும்?

"சரிதாம்ப்பா," என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள். "செத்துட்டாருன்னு நான்தானே சொன்னேன். செத்தவருகிட்ட கை கேட்டா எப்படி?"

எழுந்து போய்விட்டாள். டெரியோ வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. அது குரலாக மாறுவதற்குள் அவள் படியிறங்கியிருந்தாள். சிஸ்டர் திரும்பிப் பார்த்து, அவன் கையைப் பார்த்து, விஷயம் விளங்கியதும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார். சிஸ்டர் கலிஸ்தா ஓடி நாங்கள் பார்த்தது அந்த ஒருமுறைதான். பார்வையாளர்களை ஏற்றிக்கொண்ட படகு கயிறு அவிழ்த்துப் போய்விட்டிருந்தது. கத்திக் கூப்பிட்டார். புரிங் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், இயந்திரச் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது.

மடத்துக்கு சிஸ்டரே எழுதிக் கேட்டார். பெண் கல்யாணம் முடிந்து புருஷனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள், எந்த ஊர் என்று சொல்லவில்லை என்று பதில் வந்தது. சொல்லாமல் போனதில் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. செத்துப்போன தகப்பனிடமிருந்து யாருக்கும் தபால் வரக் கூடாது அல்லவா.

அன்று கார்ப்பியோ குடிசைக்குத் திரும்பியபோது டெரியோ கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தான். கார்ப்பியோ மூக்கை உறிஞ்சினான்.

"துணி?" என்று மட்டும் கேட்டான்.

"பாக்கல."

கார்ப்பியோ தடவித் தடவிப் போய்ச் சட்டியில் தண்ணீர் எடுத்துவந்து, அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினான். கழுவும்போதுதான் டெரியோ அழுதான். முகத்தப் பாத்து அவ பயப்படவே இல்ல பாரே, என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவ முகத்துக்கு வரவே இல்ல, கைக்குத்தான் வந்தா.

அதற்குப் பிறகும் டெரியோ சவரத்தை விடவில்லை. படகு வருகிற நாளில் மட்டும் உட்காருவான். வலது கன்னம், இடது கன்னம், ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணி. தாடைக்கு வந்ததும் கத்தியை மடக்கிவிடுவான். மோவாய்க் கொத்து வளர்ந்து நெஞ்சுவரை தொங்குகிறது. தண்ணீருக்குப் போகிற பெண்கள் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. சவரம் முடிந்ததும் வலது கையைச் சோப்புப் போட்டு முன்னும் பின்னும் கழுவி, கார்ப்பியோவின் மூக்குக்கு நேராக நீட்டுவான்.

"வாசன இருக்கா பாரே?"

கார்ப்பியோ முகர்ந்து பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்து, "இல்ல, சுத்தமா இருக்கு. போ," என்பான்.

டெரியோ பார்வையாளர் கூடத்துக்குப் போவான். அவனுக்கு யாரும் வருவதில்லை என்று தெரிந்தும் சிஸ்டர் ஒரு நாற்காலியை விட்டுவைத்திருப்பார். அதில் உட்கார்ந்து, கழுவிய கையை மேசைக்கு மேலே புறங்கை தெரிய வைத்துக்கொள்வான். படகு ஊதிக் கிளம்பும்வரை கையை எடுக்க மாட்டான்.